பறைஞ்சவர் என்றொரு சொல்

நோர்வேயில் சட்டம் படிக்காதவர்களையும் நகரசபை தெரிவு செய்து, நான்கு வருடத்துக்கு நீதிபதி ஆசனத்தில் இருத்தும். குற்ற வழக்கென்றால் சட்டம் படித்த நீதிபதி ஒருவர், எங்களைப் போல இரண்டு பேர். மூவருக்கும் ஆளுக்கொரு வாக்கு. ஹொல்ம்லியா என்ற புறநகரில் இருந்துகொண்டு முதியோர் இல்லத்தில் வேலை செய்த எனக்கு, தெரிவாகிவிட்டேன் என்ற கடிதம் இரண்டாயிரங்களின் நடுவில் வந்தது. ஒரு கிழமை பெருமையாக இருந்தது. பிறகு பயம்தான்.

மூன்றாவது வழக்கிலேயே தமிழர் வந்தார்கள். ஒரே மாடிக் கட்டடத்தில் குடியிருந்த இருவர். இளையவர் மூத்தவரைப் படியில் தள்ளிக் கையை முறித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இருவரையும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னை விலக்கியிருப்பார்கள். தெரிந்திருக்கக் கூடாதா என்று அன்று ஏங்கினேன். பின்வரிசையில் இளையவரின் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முதல் ஏதும் பிரச்சினை நடந்ததா என்று அரச வழக்கறிஞர் கேட்டார்.

"முதல் நாளும் வாசலுக்கு வந்து பறைஞ்சவர்" என்றார் மூத்தவர், மெல்லிய குரலில்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண். "முதல் நாளும் வாசலுக்கு வந்து அறைந்தார்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

பறைஞ்சவர் என்றால் எங்கள் ஊரில் கதைத்தவர், பேசியவர் என்றுதான் அர்த்தம். அரச வழக்கறிஞர் எழுதத் தொடங்கிவிட்டார். வாயைத் திறந்தால், தன் ஆளைக் காப்பாற்றுகிறாள் என்பார்கள். பேசாமல் இருந்தால், விழாத அடிக்கும் சேர்த்து ஒரு மனிதன் உள்ளே போவான். அந்தச் சொல்லுக்கு அடித்தார் என்று அர்த்தமில்லை என ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இருந்த நீதிபதியிடம் தள்ளினேன். அவர் படித்தார். என்னைப் பார்க்காமலே, அந்தப் பதிலை மறுபடி கேட்கச் சொன்னார்.

"உங்களை அறைஞ்சாரா ஐயா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"ஐயோ, இல்லைப் பிள்ளை. பறைஞ்சவர். கதைச்சவர் எண்டெல்லோ சொல்லுறன்."

மொழிபெயர்ப்பாளரின் முகம் சிவந்தது. "சாரி, எங்க பக்கம் அந்த வார்த்தை கிடையாது" என்று அவரிடம் சொல்லிவிட்டு, நீதிபதியிடம் தன் தவறைத் திருத்திச் சொன்னார்.

அறைந்த கதை அத்தோடு போயிற்று. தள்ளியதைப் பார்த்த ஒருவரின் சாட்சியம் இருந்தது, அது போகவில்லை. நாங்கள் மூவரும் அறைக்குள் கதைத்ததை நான் எங்கும் சொல்லக்கூடாது. தீர்ப்பு மூன்று மாதச் சிறை. அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது.

சில மாதம் கழித்து, ஹவுகெட்டோ ரயில் மேடையில் அந்த மனைவி நேராக என்னிடம் வந்தார். சுற்றிலும் ஒருவரும் இல்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"அண்டைக்கு மேல இருந்தது நீங்கள்தானே, அக்கா?"

"ஓம்."

"பிள்ளையளை அவரைப் பாக்கச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ? ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை."

"போகலாம். முதல்லை சிறைக்கு ரெலிபோன் எடுத்துக் கேளுங்கோ" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு விலகிப் போனார். ரயிலில் ஏறி அமர்ந்த பிறகும் கைப்பையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

மிச்சக் காலம் முழுவதும் நீதிமன்றத்தின் ஒவ்வொரு கடிதத்தையும் பயந்து பயந்துதான் பிரித்தேன். ஒரு வழக்குக்கும் போகாமல் விடவில்லை.