ஷஹீதா போடாத கையெழுத்து

ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் மீ கோரேங் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் பஷீருக்கு, மகள் ஷஹீதா பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாள் என்று வாடிக்கையாளர்களிடம் விளக்குவதே பெரும்பாடாக இருந்தது. "சுற்றுச்சூழல் அறிவியல்" என்று சொல்லிப் பார்த்தார். "மரம் நடுற வேலையா பாய்?" என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். "குப்பை லாரி டிபார்ட்மெண்டா?" என்றார்கள். கடைசியில் அலுத்துப்போய், "சயின்ஸ் படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஷஹீதாவுக்கும் எரிச்சல்தான். மரம் நடுவதற்கா அவள் முழங்கால் சேற்றில் நின்று நண்டுப் பொந்துகளை எண்ணினாள்? ஆற்றுத் தண்ணீரைப் புட்டி புட்டியாகப் பிடித்து, ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி, பக்கத்து இருக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்தாள்? வேதியியல் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், புள்ளியியல் ஒரு பக்கம். புள்ளியியலில் ஒருமுறை தோற்று மறுபடி எழுதித் தேறினாள். படிப்பு முடிந்தால் ஆலோசகர் ஆகலாம், ஆய்வாளர் ஆகலாம், அமலாக்க அதிகாரி ஆகலாம் என்று விரிவுரையாளர்கள் சொன்னார்கள். அப்படித்தான் அவளும் நம்பினாள்.

பட்டம் வாங்கியபின் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தம் அளக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டே போகிற வருகிற லாரிகளை எண்ண வேண்டும். எட்டு மாதம் எண்ணினாள். "லாரி எண்ணுறதுக்கா நாலு வருஷம் படிச்சே?" என்று அம்மா காமாரியா கேட்டாள்.

பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் அதிகாரி வேலை கிடைத்தது. கழிவுநீர், ரசாயனக் கழிவு, மாதாந்திர அறிக்கை எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் போன் வந்தது வேறு காரியங்களுக்கு. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். "ஏர்கான் ரொம்பக் குளிருது, சுற்றுச்சூழல்னா உங்க டிபார்ட்மெண்ட்தானே?" என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் நிஜமாகவே கேட்டாள்.

இரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கொட்டகைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். தண்ணீரில் எவ்வளவு அமிலம் என்று காட்டும் அளவு தினமும் ஏழு புள்ளி இரண்டு. திங்கள் ஏழு புள்ளி இரண்டு. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி வரை ஏழு புள்ளி இரண்டு.

"வெள்ளிக்கிழமை என்ன வரும்னு இன்னிக்கே எப்படித் தெரியும்?"

ஃபிக்ரி தலையைச் சொறிந்தார். இருபது வருஷமாக அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர்; 'மிஸ்' என்பதை மலாயில் 'சிக்' என்பார். "மீட்டர் செத்துப்போய் மூணு வாரம் ஆச்சு சிக். எப்பவும் ஏழு புள்ளி ரெண்டுதானே வரும்."

"புதுசு கேட்கலையா?"

"ரெண்டு தடவை எழுதிப் போட்டேன். முதல் தடவை மூணு கடையில விலை கேட்டு வான்னு திருப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை, இது பழைய ஃபாரம், செல்லாதுன்னாங்க."

அதே மூன்று வாரத்தில்தான் சுற்றுச்சூழல் வாரத்துக்கு முந்நூறு பச்சை டீ-சர்ட் வாங்க ஷஹீதா எழுதிப் போட்டிருந்தாள். அது ஒரே நாளில் பாஸ் ஆகியிருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியில் கிடந்த சோதனைத் தாளை எடுத்து, வெளியே போகிற தண்ணீரில் நனைத்தாள். பச்சையாக வர வேண்டியது ஆரஞ்சாக வந்தது. இன்னொரு தாள். அதுவும் ஆரஞ்சு. அப்படியானால் அமிலத்தை முறிக்கும் காரம் தொட்டிக்குள் விழவே இல்லை. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது.

நேராக ஆலை மேலாளர் வினோதனிடம் போனாள். அவர் மேசையில் அவள் கையெழுத்துக்காக மாத அறிக்கை காத்திருந்தது.

"ஏம்மா, இதுல இன்னும் சைன் போடலை?"

"அளக்கவே இல்ல சார், எப்படிப் போடறது? இப்போ அமிலத் தண்ணி வெளியே போயிட்டு இருக்கு. வால்வை மூடணும். மூடினா தொட்டி நாலு மணிக்கு நிறைஞ்சிடும், அதுக்குள்ள உற்பத்தி லைனை நிறுத்தணும்."

"லைனையா?" வினோதன் சிரித்தேவிட்டார். "ஒரு மணி நேரம் நின்னா என்ன ஆகும் தெரியுமா? எப்பவும் போடற நம்பரைப் போட்டுட்டுப் போ லா. ரொம்ப புக்கு படிக்கிறே நீ."

"அந்தப் பேப்பர்ல என் பேருதான் இருக்கு சார். உங்க பேரு இல்ல."

அவள் கொட்டகைக்குத் திரும்பினாள். ஃபிக்ரி கையுறையை மாட்டிக்கொண்டார். இருவருமாகத் துருப்பிடித்த சக்கரத்தைத் திருகி வால்வை மூடினார்கள். இனித் தண்ணீர் வெளியே போகாது; லைனை நிறுத்தாவிட்டால் தரையெல்லாம் வழியும். மூன்றரைக்கு வினோதன் கத்திக்கொண்டே வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து லைனை நிறுத்தச் சொன்னார்.

காரம் வரும் குழாயைக் கழற்றியபோது, உள்ளே சுண்ணாம்புபோலக் கெட்டியாக அடைத்துக் கிடந்தது. ஐந்து மணி நேரம் இடித்துக் கழுவித் திரும்ப மாட்டினார்கள். கடைசித் தாள் பச்சையாக வந்தபோது ஷஹீதாவுக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. இடுப்பு வலித்தது.

மறுநாள் மீட்டர் வாங்க அனுமதி வந்தது. கூடவே, உத்தரவில்லாமல் வால்வை மூடி உற்பத்தியை நிறுத்த வைத்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு கடிதமும் வந்தது. சட்டப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி நாலு பக்கம் பதில் எழுதினாள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. மாத அறிக்கையில் மூன்று வாரத்துக் கட்டங்களிலும் "கருவி பழுது, அளவீடு இல்லை" என்று எழுதி, நடந்ததையும் சேர்த்து, அதன்பிறகே கையெழுத்திட்டு அனுப்பினாள்.

அறிக்கை போய்ச் சேர்ந்த சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து இர்வான் என்ற அதிகாரி வந்தார். பதிவேட்டை நெடுநேரம் பார்த்தார்.

"பல ஆலைக்குப் போறேன்," என்றார். "எல்லா இடத்திலும் மீட்டர் நல்லாவே இருக்குது. பழுதுன்னு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை."

பாராட்டா, குறையா என்று அவளுக்கு விளங்கவில்லை. நிறுவனத்துக்கு அபராதம் வந்தது. வினோதன் இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மேசை தூரத்தில் இருந்துகொண்டே மின்னஞ்சல் அனுப்பினார்.

ஃபிக்ரியின் பதிவேட்டில் இப்போது எண்கள் ஏறி இறங்குகின்றன. ஏழு புள்ளி நாலு, ஆறு புள்ளி ஒன்பது. ஒரு வியாழக்கிழமைக்கு நேரே ஆறு புள்ளி ஒன்று என்று எழுதி, பக்கத்தில் கோணல் கையெழுத்தில், "குழாய் திரும்ப அடைப்பு. உடனே கழுவியாச்சு. சிக்கைக் கூப்பிடவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்" என்று குறித்திருந்தார்.

"அடுத்த தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கூப்பிடுங்க," என்றாள் ஷஹீதா, சலிப்போடு.