இரண்டாவது பொட்டலம்

என் அத்தையின் காலில் இரும்பு ஏறியது அத்தைக்கே தெரியாது. அந்த வயதில் என்னை மிகவும் குடைந்த விஷயம் அதுதான். எனக்கு எறும்பு கடித்தாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். அத்தையோ, லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருள் உள்ளங்காலில் குத்தி நிற்க, அதோடேயே துணி துவைத்துக் காயப்போட்டு, சோறும் ஆக்கி முடித்திருந்தார்.

எங்கள் ஊரான கணபதியில், வீட்டுக்குப் பின்னாலேயே லேத் பட்டறை. பெரியப்பாவும் அப்பாவும் மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் கடைந்துகொடுத்தார்கள். அத்தை, பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. அடுத்த தெருவில் வீடு இருந்தாலும் பகல் முழுக்க எங்களோடுதான் இருப்பார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. சர்க்கரை என்றால் ஜிலேபி தின்னக்கூடாது என்பதுவரை எனக்குத் தெரியும். அதற்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் சொல்லவில்லை. அது நரம்பைக் கொன்றுவிடும், வலி என்ற செய்தியே மேலே போய்ச் சேராது என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

அத்தை சுருளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டார். வலிக்காத புண்ணுக்கு யார் டாக்டரிடம் போவார்கள்? சில நாள் கழித்து, என்ன நாற்றம் இது என்று வீடெல்லாம் முகர்ந்து தேடிய அம்மா, கடைசியில் அத்தையின் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. உடனே வாடகை அம்பாசிடர் வந்தது. பள்ளி விடுமுறையில் இருந்த நான், யாரும் கேட்காமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் அத்தையைக் கண்ணை மூடச் சொன்னார். பேனா மூடியால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"இங்க?"

"தெரியுதுங்க."

டாக்டர் பேனாவைச் சட்டைப் பையில் செருகி, கையைக் கட்டிக்கொண்டார். "இப்பங்க?"

"இப்ப நல்லாவே தெரியுதுங்க."

சிரித்தது நான் மட்டும்தான்.

"இன்னைக்குன்னா ரெண்டு வெரலு போகும்" என்றார் டாக்டர். "நாளைக்கு வந்தீங்கன்னா பாதம். அப்புறம் முழங்கால். அதுக்கப்புறம் எங்கிட்ட வரவே வேண்டியதில்லைங்க."

அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, குழப்பமில்லாமல் இருந்தது. கடைசி வரிதான் பொருந்தவில்லை. டாக்டரிடம் வர வேண்டாம் என்றால் நல்லதுதானே?

சாயங்காலமே ஆப்பரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அத்தை அதைக் கையால் தொடவில்லை.

"அம்மன் உத்தரவில்லாம என்ற ஒடம்புல கத்தி படக்கூடாதுங்க. எங்க மாமியாரையும் வெட்டுனா சரியாப்போயிரும்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. பொணமாத்தான் ஊடு வந்தாங்க. மாத்திரையக் குடுங்க, தின்னுபோட்டுக் கெடக்கறேன்."

அம்மா கெஞ்சினார். அப்பா அதட்டினார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியப்பா அப்பாவை வராந்தாவுக்குக் கூட்டி வந்து சொன்னார்: "போற வழில கோயில்ல பூவாக்குக் கேட்டுப்போடலாம்."

அப்பாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "கால் அழுகிட்டிருக்குதுங்கண்ணா! நீங்க பூக் கட்டப் போறீங்களா?"

"அவ வாயில சரின்னு வராம யாருடா கத்தி வெக்கறது? நீ வெப்பியா?"

யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை. கற்பூரம் காட்டாமல் லேத்தைத் தொடாதவர் பெரியப்பா. வெள்ளிக்கிழமை தவறினாலும் அவர் கோயில் தவறாது. தம்பிக்குப் பெண் பார்த்ததும் அம்மனைக் கேட்டுத்தான், பட்டறைக்கு இரண்டாவது மிஷின் வாங்கியதும் அம்மனைக் கேட்டுத்தான். இரண்டிலும் உத்தரவு சரியாகவே இருந்தது என்பார். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார்.

பூவாக்கு எளிய முறைதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, ஒரு சிறு பெண்ணை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அன்று கைவசம் இருந்த சிறு பெண் நான்.

அத்தை அம்மாவின் மடியில் காலை நீட்டியபடி காரிலேயே இருந்தார். அப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கோயிலைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனது பெரியப்பாவும் நானும் மட்டும். பொட்டலம் கட்டுவது பூசாரியின் வேலை. அன்று பெரியப்பா, "நானே கட்டிக்கறேனுங்க" என்று பூக்காரம்மாவிடம் நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். இரண்டு பூக் கட்ட அவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது.

"எத வேணா எடு கண்ணு. பயப்படாத" என்றார்.

எனக்குப் பயமே இல்லை. அரளிக்கு வாசம் உண்டா, நந்தியாவட்டைக்கு உண்டா, குனிந்து மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியுமா என்றுதான் யோசனை. பூசாரி முறைத்ததால் வலப்பக்கம் இருந்ததை எடுத்தேன். பிரித்தார்கள். வெள்ளை.

நான் காருக்கு ஓடினேன். அத்தை பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மனே சொல்லிப்போட்டா! அப்புறம் என்னத்துக்குங்க நின்னுட்டிருக்கீங்க? ஏனுங்க டிரைவரு, வண்டிய எடுங்க!" காந்திபுரம் சிக்னலில் வண்டி நின்றதற்கும் டிரைவருக்குத் திட்டு விழுந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் கேட்டார்கள். பெரியப்பாவுடையது சேர்ந்தது. முழுக்கைச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு உள்ளே போனார். சட்டைப் பையில் ஏதோ உப்பலாக இருந்தது. நான் எடுக்காத பொட்டலம். செவ்வரளி இந்நேரம் வாடியிருக்குமா என்று பார்க்கத்தான் பிரித்தேன்.

உள்ளே நந்தியாவட்டை.

பெஞ்சில் உட்கார்ந்து காரணங்களை வரிசைப்படுத்தினேன். பூக்காரம்மா தவறாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் வாங்கும்போது சிவப்பை நானே பார்த்தேன். சிவப்பு வெளுத்திருக்கலாம். ஆனால் அவ்வளவு சீக்கிரம் எந்தப் பூவும் வெளுக்காது. மிச்சம் இருந்தது அம்மன்தான். ஒரு தடவை சொன்னால் அத்தை கேட்கமாட்டார் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். அந்த முடிவில் எனக்குப் பரம திருப்தி.

பஞ்சை அமுக்கியபடி வந்தவரிடம் ஓடினேன். "பெரியப்பா, இதுலயும் வெள்ளதானுங்க!"

அவர் பொட்டலத்தை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார். ஆப்பரேஷன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அத்தை பொழைச்சு வரட்டும் அம்மணி. அதுக்கு முன்னால இத யாருகிட்டயும் சொல்லாத" என்றார். அத்தை வந்த பிறகு சொல்லலாமா என்று கேட்டேன். அவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

இரண்டு விரல் போனது. பாதம் நின்றது. மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்த்த டாக்டர், ஒரு ராத்திரி தள்ளியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை வேறு கணக்குச் சொன்னார்: "டாக்டரு வெட்டுனாரு, செரி. வெட்டுன்னு சொன்னது யாரு?"

புண் ஆறி நடக்கத் தொடங்கியதும் குடும்பத்தோடு மாவிளக்கு எடுத்துப் போனோம். அத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, ஆனால் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். கோயில் வாசலில் பெரியப்பா நின்றுவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

"இதென்னங்கண்ணா புதுசா?" என்றார் அத்தை. பெரியப்பா காதில் விழாததுபோல் செருப்புகளை ஜோடி சேர்த்து ஓரமாக நகர்த்தி வைத்தார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளியும். உள்ளே மணி அடிக்கும்போது நான் திரும்பிப் பார்ப்பேன். வெயிலில் நின்றபடி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டிருப்பார்.

அந்தக் கோயிலில் அதுவரை யாருடைய செருப்பும் காணாமல் போனதில்லை. எதற்கு ஓர் ஆள் காவல் நிற்கவேண்டும் என்று நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.