மணியைத் திருத்தியவள்

பை தைக்கும் அந்த ஆலையில் மின்பராமரிப்பு முழுவதும் அவள் பொறுப்பு. எது எரிந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ‘பியூஸ் அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வருகைப் பதிவு இயந்திரத்தின் கடிகாரம் எப்போதும் பின்தங்கியே ஓடும். ஆலைக்குள் இணையமும் கிடையாது. “ஜிபிஎஸ் வெச்சா சேட்டிலைட்ல இருந்தே நேரம் எடுத்துடலாம் சார்” என்று மேலாளரிடம் அவளாகவே போய்ச் சொன்னாள்.

உள்ளங்கையளவு கணினிப் பலகை ஒன்றில் ஜிபிஎஸ் கருவியை இணைத்தாள். ஒன்றுமே வரவில்லை. பார்த்தால், இரண்டு கம்பிகளை இடம் மாற்றிச் செருகியிருந்தாள். அதைச் சரிசெய்தால், தகரக் கூரை சிக்னலை மறைத்தது. கழிவறை ஜன்னலுக்கு வெளியே ஆண்டெனாவைக் கட்டிவிட்டுக் காத்திருந்தாள். கருவியின் விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியது. ஆலை இருக்கும் இடமும் நேரமும் திரையில் வந்து விழுந்தபோது அவள் துள்ளிக் குதிக்காத குறைதான். அந்த நேரத்தையே வருகைப் பதிவு இயந்திரத்துக்கும் இணைத்துக் கொடுத்தாள்.

மறுநாள், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் ‘தாமதம்’ என்று விழுந்தது. அந்தப் பஸ் என்றுமே சில நிமிடம் பிந்தித்தான் வரும். பழைய கடிகாரம்தான் இத்தனை நாள் அவர்களைக் காப்பாற்றியிருந்தது. ஒவ்வொரு தாமதத்துக்கும் அரை நாள் விடுப்பு என்று அந்த வாரம் முழுவதும் போனது. அந்தப் பெண்களில் ஒருத்தி அவளுடைய அண்ணி. மகளின் பிரசவத்துக்கென்று விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தவள்.

“எந்த மகராசி கடிகாரத்துல கை வெச்சாளோ, அவ நல்லாருப்பாளா?” என்று சாப்பாட்டு வேளையில் அண்ணி பொரிந்து தள்ளினாள்.

“அதானே அண்ணி” என்றாள் பியூஸ் அக்கா. சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள்.

நேரே மேலாளரிடம் போனாள். “பஸ் வர்ற நேரத்துக்கு ஷிப்டைத் தள்ளி வைங்க சார்.”

“நீதானேம்மா சரியான நேரம் வேணும்னு நின்ன?”

மாலையில் பஸ் நிறுத்தத்தில் அண்ணியிடம் சொல்லிவிட்டாள். “அந்த மகராசி நான்தான் அண்ணி.”

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாத் திட்டியிருப்பேன்.”

மறுநாள் பஸ்ஸில் வந்த பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. பியூஸ் அக்காவும் அவர்களோடு வாசலிலேயே நின்றாள். மதியத்துக்குள் மேலாளர் ஷிப்ட் நேரத்தைத் தள்ளி வைத்தார். ஆனால் போன விடுப்பு போனதுதான். மகளுக்குப் பிரசவமானதும் அண்ணி சீக்கிரமே வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

பியூஸ் அக்கா தன் விடுப்பை எடுத்துக்கொண்டு போய்க் குழந்தையின் துணிகளைத் துவைத்தாள்.

“உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்?” என்றாள் அண்ணியின் மகள்.

“சும்மா இரு” என்று சொல்லிவிட்டு, பிழிந்த துணியையே இன்னொரு முறை பிழிந்தாள்.