பாய்க்குக் கீழே இருந்த குத்துச்சண்டைக்காரன்

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது பேரன் யூட் வந்து சொன்னான். "அம்மம்மா, செஃபோ போயிட்டார். ஹார்ட் அட்டாக்." அவ்வளவு குத்து வாங்கியும் அசையாத நெஞ்சு அது. நான் நம்பவில்லை. அவனைத் திரும்பவும் சொல்லச் சொன்னேன்.

செஃபோவை உங்களுக்குத் தெரியும். சமோவாக் குடும்பத்துப் பிள்ளை. சிட்னியில் வளர்ந்து, குத்துச்சண்டையைத் தொழிலாக்கி, பிறகு மெல்பேர்ன் பக்கத்து எங்கள் வெரிபீக்கு வந்தவன். என் மகன் வயது, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். சிட்னியில் நடந்த சம்பியன் பட்டப் போட்டிக்கு அவன் ஏன் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யூட் அவனிடம் குத்துச்சண்டை பழகப் போனான். ஒருநாள் பயிற்சியில் செஃபோவின் குத்துப் பிசகிப் பிள்ளையின் கண்ணில் பட்டது. பார்வை திரும்புமோ தெரியாது என்றார் டொக்டர். செஃபோவை நான் திட்டாத திட்டில்லை.

அடுத்த நாள் காலை குசினி ஜன்னலால் பார்த்தால், எங்கள் வீட்டுப் புல்லில் பாயால் மூடிய உருவம். எங்கள் ஊர் மன்னாரில் பாயால் மூடினால் அது பிணம். நான் செபமாலையை எடுத்துவிட்டேன். கண்ணில் கட்டோடு நின்ற யூட் சிரித்தான்.

"சாகேல்லை அம்மம்மா. மன்னிப்புக் கேக்கிறார். அவையின்ர வழக்கம். நாங்கள் பாயை எடுத்தாத்தான் எழும்புவார்."

"அப்ப இருக்கட்டும்" என்றேன்.

காற்று வெட்டியது. கொஞ்ச நேரத்தில் பாய்க்குள் இருந்து ஒரு கிழவி இருமினாள். அவனுடைய தாயும் கூடவே ஈரப் புல்லில் இருந்திருக்கிறாள். அவளுக்கு என் வயது. அந்த முழங்கால் படும் பாடு எனக்குத் தெரியாதா? போய்ப் பாயைத் தூக்கினேன்.

"உன்ர அம்மாவுக்காகத்தான் எடுத்தனான். உன்னை நான் மன்னிக்கேல்லை."

யூட்டின் தாய், என் மகள், அதை ஒரு சொல்லும் விடாமல் அவனுக்கு இங்கிலீசில் சொன்னாள். அது நியாயம் அன்ரி என்று அவன் தலைகுனிந்தான்.

அந்த மாதம்தான் பட்டப் போட்டி. அவன் விலகிவிட்டான். பிறகு எந்தப் போட்டிக்கும் அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. பயந்து ஓடினான் என்று டிவியில் ஒரு நீலக் கோட்டுக்காரன் சிரித்தான். அந்தப் பல்லு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

யூட்டின் கண் சுகமான பிறகு ஒருநாள் செஃபோ வீட்டுக்கு வந்தான். ரோல்ஸ் பொரித்துக் கொடுத்து, ஏன் போகவில்லை என்று மகளைக் கொண்டு கேட்பித்தேன். அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியும்வரை ஒருவனையும் அடிக்கத் தன் கை எழும்பாது என்றான். இதை டிவிக்காரனிடம் சொல்லடா என்று கத்தினேன். அதற்கு அவன் சொன்னதை மகள் அப்படியே சொன்னாள்:

"சொன்னா, என்னாலதான் செஃபோ தோத்தவர் எண்டு யூட் நினைப்பான். வேண்டாம் அன்ரி."

அன்றைக்கு அவனை மன்னித்தேன். வாயாலேயும் சொன்னேன். அப்ப இன்னும் ரெண்டு ரோல்ஸ் தாங்கோ என்றான்.

போன கிழமை யூட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கனநேரம் அழுதான். பிறகு, "எழுதுங்கோ அம்மம்மா, எல்லாருக்கும் தெரியட்டும்" என்றான்.

செஃபோவுக்குக் கோபம் வைத்திருக்கத் தெரியாது. அந்த நீலக் கோட்டுக்காரனைக்கூட எங்கேயோ கண்டு கை குலுக்கினானாம். எனக்கு வைத்திருக்கத் தெரியும். அவன் வைக்காமல் விட்ட கோபம் முழுவதையும் அவனுக்காக நான் வைத்திருக்கிறேன்.