ரீசெட் பட்டனில் வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்குச் சாமி மேடை ஏறிய பொருளை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த வருடம் அப்பாவின் லாரிச் சாவியோடும் அம்மாவின் கத்தரிக்கோலோடும் என் கவுண்டர் கருவியும் ஏறிவிட்டது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா தூக்கி வைத்துவிட்டார்.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் பெல்ட்டில் போகும் அட்டைப் பெட்டிகளை எண்ணுவதற்காக நான் செய்தது அது. கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. சில சமயம் ஒரு பெட்டியை இரண்டாக எண்ணியது. புரோகிராமைத் திருத்திவிட்டேன், போர்டில் ஏற்றுவதுதான் பாக்கி. மறுநாள் பத்து மணிக்கு என்ஜினியர் முன்னால் அது ஒழுங்காக எண்ணினால் எனக்கு வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் டிப்ளோமா வரை படித்த முதல் ஆள் நான். கான்ட்ராக்ட் வேலை என்றால் என்ன என்று எவ்வளவு விளக்கினாலும் அப்பா, "அப்ப இன்னும் வேல கெடைக்கலன்னு சொல்லு" என்று முடித்துவிடுவார்.

முந்தின நாள் மூடி போடாமல் விட்டிருந்த கவுண்டரைக் காலை ஏழு மணிக்கு எடுத்தேன். போர்டின் மேல் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு.

"தொடைச்சிறாத. இன்னிக்கு ஒரு நாளாச்சும் இருக்கட்டும்" என்றார் அம்மா.

சரியென்று மூடியைத் திருகி, லேப்டாப்பில் கேபிளைச் செருகினேன். டப்பாவின் ஓட்டை வழியே விளக்கு தெரிந்தது. புரோகிராம் மட்டும் ஏறவில்லை. போர்டைப் பத்து முறை அழைத்தும் பதில் இல்லை என்று திரையில் சிவப்பு எழுத்து. கோப்பி கிளாசோடு வந்த அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

"பத்து தடவ கூப்பிட்டும் வரலன்னா வீட்ல ஆள் இல்லடா."

"லைட் எரியுதுப்பா."

"லைட்ட அடைக்காம போயிருப்பான் லா."

காலேஜில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். போர்டு வகையை மாற்றினேன். காம் எண்ணை மாற்றினேன். பூட்லோடரைப் பழையது என்று வைத்தேன், பிறகு புதியது என்று வைத்தேன். டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். மூன்று கேபிள் மாற்றினேன். நோட்டில் ஒன்றரைப் பக்கம் நிரம்பியது, மணி ஒன்பதைத் தாண்டியது.

கடைசியில் இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் பார்த்தேன்: ஏற்றும்போதே போர்டிலிருக்கும் ரீசெட் பட்டனை அமுக்கி விடு. ஏற்றச் சொல்லிவிட்டு மூடியை அவசரமாகக் கழற்றினேன். இரண்டாவது திருகு தளர்ந்ததும் புரோகிராம் கடகடவென்று ஏறிவிட்டது. நான் பட்டனைத் தொடவே இல்லை.

மூடினால் செத்தது. திறந்தால் பிழைத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன், உள்பக்கம் குங்குமம். பொட்டு சரியாக ரீசெட் பட்டன் மேல் உட்கார்ந்து, மேடாகக் காய்ந்துபோயிருந்தது. மூடியை இறுக்கினால் அது பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டனை விடும்வரை போர்டு எழுந்து பதில் சொல்லாது.

"ஏம்மா, வேற எடமே கெடைக்கலயா?"

"நடுவுல உருண்டையா இருந்துச்சு. நெத்தின்னு நெனச்சேன்."

சுரண்டுவதற்குச் சேலை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தவர், "சாமி கோவிச்சுக்காதா?" என்றார்.

"இப்ப கவுண்டர்தான் கோவிச்சிட்டு இருக்கும்மா."

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். பன்னிரண்டு பெட்டிகளை ஓடவிட்டோம். பன்னிரண்டு என்றே காட்டியது. என்ஜினியர் சீனப் பெண்மணி. சிரிப்பதற்குக் கணக்கு வைத்திருப்பவர். காலையில் கவுண்டர் மக்கர் செய்ததைச் சொன்னதும் பழுது அறிக்கைத் தாளை நீட்டினார். நான் காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். காரணம்: ரீசெட் பட்டன் மேல் சந்தனம். வைத்தவர்: என் தாயார்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "உன் அம்மா இங்கே வேலை செய்கிறாரா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை, மேடம்."

"வெளியாள் சாதனத்தைத் தொட்டார் என்று எழுதினால் ஆடிட்டில் என்னைத்தான் கேட்பார்கள்."

அம்மாவை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, 'அந்நியப் பொருள்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதே பேனாவால் என் நிரந்தர வேலைக்கான தாளிலும் கையெழுத்திட்டார். நான் நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள், மூன்றாவது லைனில் பிரிண்டர் வேலை செய்யவில்லை, போய்ப் பார் என்றார்.