ராஜ்கோட்டுக்குப் போன கிரைண்டர்

சினிமா போஸ்டர் ஒட்டும் பசைக்கு என்று ஒரு வாசம் உண்டு. மைதாவைக் கரைத்து, துளி மயில்துத்தம் போட்டுத் தகர வாளியில் கொதிக்க வைப்பார்கள். பாதி பாயசம், பாதி காயாத துணி என்று சொல்லத்தக்க அந்த வாசம், பீளமேட்டில் எங்கள் தெருமுனைச் சுவரைச் சுற்றி வாராவாரம் வீசும். ஒன்பது வயதில் அதை நுகர்ந்தபடி நின்றபோதுதான் எனக்கு அந்தப் பேருண்மை புலப்பட்டது: தினமும் கோதுமை தின்றால் குடல் ஒட்டிக்கொள்ளும், ஆள் செத்துப்போவான். கண்டுபிடிப்பு என்னுடையதல்ல. உடுமலைப்பேட்டை மாமாவின் மகன் செல்வராசுவினுடையது. என்னைவிட மூன்று வயது மூத்தவன் ஆகையால் அவன் சொன்னதெல்லாம் விஞ்ஞானம்.

"டேய், மைதா எதுலருந்து வருது? கோதுமைலருந்துதான? சுவத்துல ஒட்டுனதே மழைக்கு விடமாட்டேங்குது, உங்குடல்ல ஒட்டுனா எப்படறா விடும்?"

வேறொரு வருடமாக இருந்தால் இதை மறந்திருப்பேன். எங்கள் வீட்டில் சப்பாத்தி என்பது காய்ச்சல் வந்தவருக்கு மட்டும் சுடப்படும் மருந்து. ஆனால் அந்த வருடம்தான் அப்பா வேலை பார்த்த பம்புசெட் பட்டறையை முதலாளி இழுத்து மூடினார். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவதில் அப்பா கெட்டிக்காரர். ராஜ்கோட்டில் ஒரு கம்பெனி அவரை மேற்பார்வையாளராகக் கூப்பிட்டது. குஜராத்தில் இருக்கும் அந்த ஊரும் கோயமுத்தூரைப் போலவே பம்பும் மோட்டாரும் செய்து பிழைக்கிற ஊர். எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் "ராஜ்கோட் மோட்டாரு" என்று சொல்லும்போதே பிரிந்துபோன பங்காளியைச் சொல்கிற மாதிரி ஓர் இழுப்பு இருக்கும். அப்பா எதிரிப் படையில் சேரப்போகிறவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தார்.

அம்மாவின் அண்ணனான உடுமலை மாமா உடனே வந்து தீர்ப்புச் சொன்னார். "மாப்ள, நீங்க மட்டும் போங்க. அம்மணியும் புள்ளைங்களும் நம்மூட்டுல இருக்கட்டும். பள்ளிக்கோடத்துல சொல்லி வெச்சுட்டேன்." அம்மா அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு எல்லாரும் போய்ப் பார்ப்பது, மே கடைசியில் மாமா டிக்கெட்டோடு வருவது, ஒத்துவராவிட்டால் அப்பாவை அங்கே விட்டுவிட்டு நாங்கள் அவரோடு திரும்பிவிடுவது என்று முடிவானது. "ஒத்துவராவிட்டால்" என்கிற அந்த ஒற்றைச் சொல்லில்தான் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கிரைண்டர் கூட வரவேண்டும்.

"ஏம்புள்ள, அது ரெண்டாளு சேந்து தூக்கற கல்லு. அத எப்படி ரயில்ல ஏத்தறது?" என்றார் அப்பா.

"அப்ப நீங்க போய்ட்டு வாங்க. நானும் கல்லும் இங்கயே இருந்துக்கறோமுங்க."

அப்பா கல்லையும் மோட்டாரையும் தனித்தனியே கோணிச் சாக்கில் சுற்றி, பிறந்த குழந்தையைக் கட்டுவதுபோல் கட்டி, பார்சல் பெட்டியில் ஏற்றினார். பம்பாயில் வண்டி மாறவேண்டியிருந்தது. அங்கே சாக்கு விலகியிருந்த இடத்தில் உருண்டையான கருங்கல்லைப் பார்த்த போர்ட்டர் ஒருவர், சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது லிங்கம் அல்ல, இட்லிக்கு மாவரைக்கிற கல் என்று சொல்ல அப்பா வாயெடுத்தார். அம்மா முழங்கையால் இடித்தாள். "சும்மா இருங்க. கும்புட்டா பத்தரமாத் தூக்குவாரு." அவர் உண்மையிலேயே ஒரு கீறல் படாமல் தூக்கினார்.

நானும் வெறுங்கையோடு போகவில்லை. புத்தகப் பையிலிருந்து புத்தகங்களை அப்புறப்படுத்திவிட்டு அது கொள்ளுமட்டும் பொரியை நிரப்பிக்கொண்டிருந்தேன். பொதுவான முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள் இருந்த அந்த ராஜ்கோட் குடியிருப்பில், முதல் நாள் மாலையே பக்கத்து வீட்டு மங்களாபென் ஒரு தட்டு நிறைய ரொட்டியை நெய்யில் தோய்த்துக் கொண்டுவந்தார். "பென்" என்றால் அக்கா தங்கை என்று பொருளாம், அங்கே எந்தப் பெண்ணின் பெயரோடும் அதைச் சேர்த்துவிடுவார்கள். எல்லாரும் தின்றார்கள். நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து பொரி தின்றேன். காலையில் எழுந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு முற்றத்தில் நின்று குதித்துப் பார்ப்பேன். உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால் குடல் இன்னும் ஒட்டவில்லை என்று பொருள். முற்றத்துக் குழந்தைகள் இதை மதராஸிகளின் வழிபாடு என்று நினைத்து, அவர்களும் வரிசையில் நின்று குதித்தார்கள்.

அம்மாவுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. குழாயில் தண்ணீர் கண்ட நேரத்தில் வந்து கண்ட நேரத்தில் நின்றது, வெயில் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது, கடைக்காரர் பேசியது விளங்கவில்லை. எதைக் கேட்டாலும் "அண்ணன் வரட்டும்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிடும். ஒருநாள் மட்டும் சொன்னார்: "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய் புள்ள. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

இந்த நிலைமையில்தான் அம்மா கோயமுத்தூர்க்காரிகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றைச் செய்தாள். எங்கள் ஊரில் மாலையில் மாவரைத்து இரவு முழுக்க வெளியே வைத்தால்தான் காலையில் பதமாகப் பொங்கியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊரின் கணக்கு அது. அதே கணக்கில் ராஜ்கோட்டுக் கோடையில் ஒரு பெரிய போசிப் பாத்திரம் நிறைய மாவை வைத்தாள். விடிந்து பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்த மாவு சமையலறையைக் கடந்து வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. புளித்த வாசம் முற்றம் முழுக்க. அம்மா அதன் நடுவில் உட்கார்ந்து அழுதாள். மாவு வழிந்தால் அழுகிற ஆள் அல்ல அவள்.

வாசத்தைப் பிடித்துக்கொண்டு மங்களாபென் வந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! கேட்காமல் கொள்ளாமல் போசியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.

"ஏனுங்க, ஏனுங்க! அது கெட்டுப்போச்சுங்க! திங்காதீங்க!" என்று அம்மா தமிழில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.

மதியம் ஒரு தட்டு வந்தது. வெள்ளையாக, சதுரம் சதுரமாக, மேலே கடுகு தாளித்து. டோக்ளா என்றார்கள். அம்மா ஒன்றை எடுத்து மென்று, யோசித்து, தீர்ப்பு வழங்கினாள். "நம்ம இட்லிதானுங்க இது. தட்டத்துல ஊத்திக் கத்தி போட்டிருக்காங்க, அவ்வளவுதான்." அவர்களும் அரிசியும் உளுந்தும்தான் அரைக்கிறார்கள், புளிப்பு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மகிழ்கிறார்கள், ஆனால் அரைக்க மாவு மில் வாசலில் காத்துக்கிடக்கிறார்கள் என்பது அன்று தெரிந்தது. மறுநாள் முதல் எங்கள் வீட்டு வாசலில் பாத்திரங்கள் வரிசை கட்டின. அம்மா தமிழில் அதட்டினாள், அவர்கள் குஜராத்தியில் சிரித்தார்கள், கிரைண்டர் இரண்டுக்கும் பொதுவாக உறுமியது.

இதற்குள் என் பொரி தீர்ந்துவிட்டது. மங்களாபென்னின் மகனோடு வெயிலில் ஆடிவிட்டு வந்த ஒரு மதியம், அவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தட்டில் ரொட்டி போட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை உள்ளே போயிற்று என்று தெரியாது. கை கழுவும்போதுதான் செல்வராசு நினைவுக்கு வந்தான். நேராக வீட்டுக்குப் போய்ப் பாயில் நீட்டிப் படுத்து, தங்கையைக் கூப்பிட்டேன். "எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா எங்கோலிக்குண்டையெல்லாம் நீயே வெச்சுக்க" என்றேன். அவள் உடனே, "இப்பவே எடுத்துக்கட்டுமா?" என்றாள். சாவுக்குக் காத்திருந்தபடியே தூங்கிப்போனேன். எழுந்தபோது பசித்தது.

மே கடைசியில் சொன்னபடி மாமா வந்தார், திரும்புவதற்கான டிக்கெட்டுகளோடு. முகத்தைக் கழுவியதும் "அம்மணி, பொட்டியக் கட்டு" என்றார். அந்த நேரம் பார்த்து முற்றத்திலிருந்து "சரசுபென்! ஓ சரசுபென்!" என்று குரல் வந்தது. மாமா திடுக்கிட்டார். "ஆரது, உம்பேரச் சொல்லிக் கூப்புடறது?" அவர் திடுக்கிட்டதில் தப்பில்லை. பீளமேட்டில் அம்மா "மோட்டார்காரர் சம்சாரம்". உடுமலையில் "செல்வராசு அத்தை", மாமாவுக்கு வெறும் "அம்மணி". அவளுக்குச் சரஸ்வதி என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு அந்த ஊரில்தான் பழக்கமானது.

அம்மா குரலுக்குப் பதில் சொல்லிவிட்டு மாமா பக்கம் திரும்பினாள். "ஏனுங்ணா, அண்ணி தங்கமானவங்க. நான் வந்தா எனக்கும் எம்புள்ளைங்களுக்கும் மொகஞ் சுளிக்காமச் சோறு போடுவாங்க. ஆனா அது அவங்க அடுப்புங்ணா. இங்க வெந்தாலுஞ் சரி, வேகாட்டியுஞ் சரி, இது எம்பட அடுப்பு. நான் வரலீங்ணா."

மாமா சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப இந்த டிக்கெட்ட நான் என்ன பண்றது? சீட்டுக்கு ஒருக்கா மாறி மாறி உக்காந்துட்டுப் போகட்டுமா?" என்றார். அம்மா சிரித்தாள். அப்பா கிரைண்டருக்குப் பின்னால் போய்க் குனிந்து, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை.

கோயமுத்தூருக்கே திரும்பி வந்து இப்போது நான் இருக்கும் சரவணம்பட்டி அடுக்ககத்தில் மாதம் ஒரு குடும்பமாவது புனேக்கோ குர்கானுக்கோ கிளம்புகிறது. சீருடை போட்ட ஆட்கள் வந்து கரண்டி வரைக்கும் காகிதம் சுற்றி எடுத்துப்போகிறார்கள். போகிற ஊரிலேயே மாவு பொட்டலமாகக் கிடைக்கிறது. யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போவதாகத் தெரியவில்லை, பயத்தைத் தவிர. ராஜ்கோட்டில் அந்த முற்றமும் வீடுகளும் போய்க் கடைத்தெரு வந்துவிட்டது. அப்பாவின் கம்பெனி இல்லை. மாமா இல்லை, அப்பாவும் இல்லை. எண்பதைத் தொடப்போகும் அம்மா மட்டும் மங்களாபென்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் பேசுவது குஜராத்தி என்று அவள் மட்டும்தான் நம்புகிறாள்.

அந்த ஜூன் மாதம் மாமா தனியாக ஊர் திரும்பினார். பள்ளி திறந்த அன்று அப்பா என்னையும் தங்கையையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ராஜ்கோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தார்.