கறுப்பு மீசைக்காரன் மட்டும் உள்ளே போகலாம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, நான் நானில்லை என்று ஒரு பெட்டி சொல்லிவிட்டது. பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். டிபன் பாக்ஸ் மூடி அளவுதான். எண்ணூர் பக்கம் நான் பெட்டிகளை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருக்கும் கன்டெய்னர் யார்டின் கேட்டில், செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கம்பிக் கதவு திறக்கும். அன்றைக்குச் சிவப்பு எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், கோபமே படாமல், "முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்" என்றது.

முயற்சித்தேன். கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன். சிரித்துப் பார்த்தேன். சிரித்தால் திருடன் மாதிரி தெரியுமோ என்று உடனே நிறுத்தினேன். எனக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாஸ்கர் நின்றுகொண்டிருந்தான். முப்பது வருட தோஸ்து.

"இன்னா மாமு, மூஞ்சிய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் எனக்கு அது சிரிக்கிற விஷயமில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்களெல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள். தொடர்ந்து மூன்று நாள் முகம் பொருந்தாவிட்டால் பெட்டி தானாகவே ஆளைப் பூட்டிவிடும். பூட்டியதைத் திறக்க கான்ட்ராக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். சின்னப் பையன்களுக்கு உடனே எழுதிக் கொடுப்பார். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் "பாக்கலாம்பா" என்பார். கிரேனுக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் போன மழைக்காலத்தில் அப்படித்தான் சொன்னார். அவர் இப்போது காத்திவாக்கத்தில் மச்சானோடு இறால் பிடிக்கப் போகிறார். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இறாலைத் தட்டில் வைத்தால் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். பெண்ணுக்கு நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

செக்யூரிட்டி நோட்டில் பேரெழுதி உள்ளே விட்டார். ஒரு நாள் கழிந்தது.

உண்மையைச் சொன்னால் தப்பு பெட்டி மேல் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் முகத்தைப் பதிவு செய்ய வருகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று சாயங்காலமே பாக்கெட் டை வாங்கிவந்து தலைக்கும் மீசைக்கும் அடித்தேன். காலையில் பவுடர் போட்டேன். பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு சிரத்தையாகக் கிளம்பியிருக்க மாட்டான். கிழவன் என்று தெரிந்தால் கழித்துவிடுவார்களோ என்ற பயம். பெட்டி அந்தக் கறுப்பு மீசைக்காரனை மனப்பாடம் செய்துகொண்டது. அதிலிருந்து பிடித்தது வினை. வெள்ளை எட்டிப் பார்த்தால் பெட்டி சந்தேகப்படுமோ என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டை. மற்றவர்கள் அழகுக்கு அடிக்கிறார்கள். நான் கம்பிக் கதவு திறப்பதற்காக அடித்தேன்.

டை வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூக்குக்குள் ஊசி விட்டமாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் ஃபேக்டரிகளால் காற்றிலேயே சில நாள் அப்படியொரு நெடி வரும் என்பதால், என் மனைவி ஸ்டெல்லா முதலில் ஜன்னலைச் சாத்திவிட்டு, "வெளியிலேர்ந்தா, உங்ககிட்டேர்ந்தா?" என்று கேட்பாள். நான்தான் என்று பாத்ரூமிலிருந்து குரல் கொடுத்தால் நிம்மதியாக ஜன்னலைத் திறப்பாள்.

எனக்கு அந்த நெடி இன்னொரு இடத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். இருபத்திரண்டு வயதில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது திருவொற்றியூரில் ஒரு இரும்பு வார்ப்பட ஃபேக்டரி. கேட்டுக்குள் நுழைந்ததும் ஆசிட் தொட்டி இருக்கும். அந்த வாசனைதான் எங்களுக்கு வருகைப் பதிவு மாதிரி. ஆனால் உண்மையான வருகைப் பதிவு டைம்கீப்பர் நாதமுனியின் கையில் இருந்தது.

நாதமுனியின் அறை ஜன்னல் ஒரு காலத்தில் மார்பு உயரத்தில் இருந்திருக்க வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, நான் சேர்ந்தபோது ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் கால்கள் மட்டும்தான் தெரியும். மனிதர் அதைப் பற்றிப் புகாரே சொல்லவில்லை. ஃபேக்டரியில் இருந்த அத்தனை பேர் கால்களையும் நெட்டுருப் போட்டுவிட்டார். பெருவிரல் நகம் பிளந்தது பாஸ்கர். தட்டைப் பாதமும் நீல வார் செருப்பும் நான். காலைப் பார்த்துதான் பேசுவார். "இன்னா, குதிகால் வெடிச்சிகீது, வேஸ்லின் தடவ மாட்டியா?" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். என் கல்யாணத்துக்கு ராயபுரம் மாதா கோயிலுக்கு வந்தவர், வரிசையில் வந்து நின்று முதலில் என் காலைக் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் கைகுலுக்கினார்.

ஒரு மழை நாளில் என் செருப்பு அறுந்துபோய், பாஸ்கரின் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். தண்டையார்பேட்டையிலிருந்து நடந்ததில் முழங்கால் வரை சேறு. பாஸ்கர் அன்றைக்குப் பொன்னேரியில் அக்கா மகளுக்குக் காது குத்தும் விருந்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஆஜர் விழுந்துவிட்டது. உலைக்கு முன்னால் வெந்த எனக்கு ஆப்சென்ட். மத்தியானம் விஷயம் தெரிந்ததும் வேலையே போய்விடும் என்று பயந்துவிட்டேன். நிரந்தரமாகாத ஆள் நான். ஓடிப்போய் ஜன்னலுக்கு முன்னால் மண்டி போட்டேன்.

"நைனா, காலைல வந்தது பாஸ்கர் இல்ல, நானு."

நாதமுனி என் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். "மூஞ்சியப் பாத்தா எனக்கு ஒண்ணும் வெளங்கல. போய் கால கழுவிகினு வா."

குழாயில் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொரு காலாக ஜன்னலுக்கு நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆங், நீதான். கண்டவன் செருப்ப மாட்டிகினு வந்து பேஜாரு பண்ணாத."

ரிஜிஸ்டரில் அடித்துத் திருத்தினார். நான்கே நிமிடம். பயமும் அங்கேயே முடிந்தது.

இந்தப் பெட்டியிடம் எதைக் கழுவிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்தது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிய டை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை எழுந்தபோது கண் இரண்டும் சுருங்கி, கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. மீசைக்கு அடியில் கொப்புளம். அன்றைக்கு லீவு. டாக்டர் மீசையை எடுக்கச் சொன்னார்; தலையைக் கழுவ அவர் கொடுத்த மருந்தில் கறுப்பும் வடிந்துபோயிற்று. இனிமேல் டையைத் தொட்டால் மூச்சே அடைக்கும் என்றார். ஆக, கறுப்பு மீசைக்காரனிடமிருந்து மீசையையும் கறுப்பையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியிலேயே இருக்கும் ஆபீஸ் அறையில் பிரியா என்று ஒரு பெண் இருக்கிறாள். தண்டையார்பேட்டைப் பெண்தான், என் மகளைவிட நான்கைந்து வயது பெரியவள். முகத்தைப் புதிதாகப் பதிவது அவள் வேலை. நேரே அவளிடம் போயிருக்கலாமே என்பீர்கள். புதுப் படம் எடுத்தால் அது கான்ட்ராக்டருக்கு மெயிலில் போகும் என்று பேச்சு. வெள்ளைத் தலையோடு என்னைப் பார்த்தால் அவர் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் புதன்கிழமை காலை மகளின் புருவப் பென்சிலை எடுத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவள் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து மீசை வரைந்தாள்.

"ஆடாதீங்க. ஒரு பக்கம் மேல ஏறுது."

"பெட்டிக்குத் தெரியுமா?"

"எனக்கே தெரியுது, அதுக்குத் தெரியாதா?"

மகள் வாசலில் நின்று பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பஸ்ஸில் நின்றபடியே வேர்த்ததில், கேட்டுக்கு வருவதற்குள் மீசை உதட்டுக்கு இறங்கிவிட்டது.

"மாமு, மீச வாய்க்குள்ள போவுது," என்றான் பாஸ்கர்.

சிவப்பு. இரண்டு நாள் போயிற்று.

வியாழக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தார்கள். கால் நகரவில்லை. பின்னாலிருந்து பாஸ்கர் என் சட்டைக் காலரைப் பிடித்தான். இந்தத் தடவை அவன் கிண்டல் பண்ணவில்லை.

"காட்டாத. மூணாவது வாட்டி செவப்பு வந்திச்சுன்னா பூட்டிக்கும். அந்தப் பொண்ணாண்ட போய் உள்ளத சொல்லு."

"கான்ட்ராக்டர் பாத்துட்டா?"

"பாத்தா பாக்கட்டும். போய்யா."

வரிசையிலிருந்து விலகிப் போனேன். பிரியாவிடம் டை, டாக்டர், பென்சில் எல்லாவற்றையும் பாவமன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி சொன்னேன். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு நாளா உங்க பேருக்கு ரெட் வந்துட்டே இருக்கு. நானே கூப்பிடலாம்னு இருந்தேன். ஏன் சார் வரல?"

"படம் கான்ட்ராக்டருக்குப் போகுமாமே."

"போகும். ஆனா அவர் மெயிலைத் திறந்து பாத்து நான் கண்டதே இல்ல சார்."

எட்டு மாதம், முப்பதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகள். அன்றைக்கே இந்த வெள்ளைத் தலையைக் காட்டியிருக்கலாம். அவள் என்னைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"நேரா பாருங்க. வயித்த விடுங்க சார், மூஞ்சிதான் எடுக்கறேன்."

எடுத்தாள். திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இந்தப் பக்கம் வீக்கம் வடிந்து, மீசையில்லாமல், வெள்ளைத் தலையோடு, கண்ணுக்குக் கீழே சதை தொங்கிய ஒருவர். அந்தப் பக்கம் பவுடர் போட்ட கறுப்பு மீசைக்காரன்.

"பழசு போயிட்டு இது வந்துடும். அழுத்தட்டுமா?"

"ரெண்டும் இருக்கட்டுமேம்மா."

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் சார் எடுத்துக்கும்."

அழுத்தினாள். அவன் போய்விட்டான்.

இப்போது தினமும் காலையில் பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன். வேலை இருக்கிறது, மகள் கல்லூரிக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலையில்லாமல் டிவி பார்க்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கறுப்பு மீசைக்காரன் போய் நின்ற நாட்களில் பெட்டி உடனே திறக்காது. இரண்டு விநாடி யோசிக்கும். அந்த இரண்டு விநாடியும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பேன். அது எதை யோசித்தது என்று இப்போதுதான் புரிகிறது. இவன் அவ்வளவு வயதானவன் இல்லையோ என்று அதற்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. இப்போது நான் போய் நிற்பதற்குள் பச்சை எரிந்துவிடுகிறது. அந்த இரண்டு விநாடி இல்லை.